கோடு இல்லாத முக்கால் கிலோமீட்டர்

என் மகளுக்கு, உன்னை ஏழு வயதிலிருந்து வளர்த்து ஆளாக்கிய பெருமையையும் பழியையும் ஒரே தோளில் சுமக்கும் உன் மாமா எழுதுவது. இங்கே நான், உன் அத்தை, மாப்பிள்ளை, உன் பிள்ளைகள் இரண்டு பேர் எல்லோரும் சௌக்கியம். என் இடது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போகப்போவதாக மிரட்டிக்கொண்டிருக்கிறது, மற்றபடி குறையில்லை. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நீ கட்டிக்கொண்டிருக்கும் பாலத்தின் மேல் ஏறும்போது இடுப்பு வாரை ஒழுங்காக மாட்டிக்கொண்டு, திடமாக இருக்கிறாய் என்றே நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நாற்பது வருஷம் கம்பம் ஏறி ஊருக்கெல்லாம் போன் லைன் இழுத்தவன் சொல்கிறேன், முக்கியமான சங்கதியை போனில் சொல்லக் கூடாது, பாதியில் அறுந்துபோனால் மீதியைக் கேட்பவர்கள் தங்கள் பயத்தை வைத்து நிரப்பிக்கொள்வார்கள். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீ விசும்பிக்கொண்டே அவன் ஏன் மாமா அப்படிக் கேட்டான் என்று கேட்டபோது, பொறு, எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

முதலில் உன் பழைய கேள்விக்கு வருகிறேன். போன மாதம் நீ கேட்டாய், மழுப்பாமல் சொல்லுங்க மாமா, சின்னவன் என்னை மறந்துட்டானா, ஆமான்னா பாலம் முடிய எட்டு மாசம் இருந்தாலும் பரவாயில்லை, வேலையை விட்டுட்டு வந்துடறேன் என்று. நீ கேட்டதில் தப்பே இல்லை. நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசுகிறான் என்றுதானே அவனுக்குத் தம்பட்டம் என்று பெயர் வைத்தோம், அந்தத் தம்பட்டம் மூன்று மாதமாக உன் போன் அடித்தால் மட்டும் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போய் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறான். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், உனக்குப் பதிலை நான் எழுதியே வைத்திருந்தேன். ஆமாம் அம்மாடி, மறந்துதான் விட்டான் போலிருக்கிறது, நாலு வயசுதானே என்று. தபால் தலைகூட ஒட்டியாயிற்று. பெட்டியில் போட மட்டும் கை வரவில்லை. அந்தக் கடிதம் இப்போது சுக்குநூறாகக் குப்பைத் தொட்டியில் கிடக்கிறது. ஏன் என்று கேள்.

போன சனி ஞாயிறு மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் இரண்டு நாளும் டியூட்டி. பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி, ரயிலும் பஸ்ஸுமாக இரண்டு மணி நேரம் தள்ளி, வயல்களுக்கு நடுவே ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தேன். ஒரு சக்கரவர்த்தி படையெடுப்பது போல ஏற்பாடு, வரைபடம், தொலைநோக்கி, விசில், இருபது மீட்டர் கயிறு. கயிறு எதுக்குங்க என்று அத்தை கேட்டாள், எனக்கும் தெரியவில்லை, ஆனால் கயிறு இல்லாமல் எந்த மகாவீரன் மலை ஏறியிருக்கிறான். எட்டு கிலோமீட்டர் நடப்பதாகத் திட்டம். வீட்டு வாசலிலிருந்து ஓடை வரை முந்நூறு மீட்டர், அதற்கே இரண்டு மணி நேரம் ஆயிற்று. பாதையைக் கடக்க ஒரு நத்தை புறப்பட்டது, அது அக்கரை சேருவதற்குள் இரண்டு அரச வம்சங்கள் வந்து போயிருக்கும், உன் பிள்ளைகள் கடைசி வரை குந்தி உட்கார்ந்து பார்த்து வழியனுப்பி வைத்தார்கள். வேலிக் கம்பியில் பனித்துளி கோத்த ஒரு சிலந்தி வலை, பெரியவள் நூற்றுப் பன்னிரண்டு துளி என்று எண்ணித் தீர்ப்பு சொன்னாள். முன்பல் இரண்டும் விழுந்ததிலிருந்து அவள் சொல்வதெல்லாம் தீர்ப்புதான், நீதிபதி என்றுதான் கூப்பிடுகிறோம். ஒரு மாடு என்னை உச்சி முதல் பாதம் வரை பார்த்துவிட்டு, அலட்சியமாக அசைபோடப் போய்விட்டது. சிரிக்காதே. நாற்பது வருஷம் கம்பத்து உச்சியிலிருந்தே உலகத்தைப் பார்த்தவன் நான், முழங்கால் உயரத்தில் இவ்வளவு நடக்கிறது என்று ஒருவரும் எனக்குச் சொல்லவில்லையே.

ஓடையைத் தாண்டினால் ஓர் இடிந்த கல் சுவர், அங்கே பாதை திரும்பி ஒரு குன்றின் மேல் ஏறுகிறது. அந்தச் சுவர் வந்ததும் சின்னவன் நின்றுவிட்டான். ஓர் அடி நகரமாட்டேன் என்கிறான். உப்புமூட்டை தூக்குகிறேன் என்றேன், சுவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். நடிக்கிறான் தாத்தா, விட்டுட்டுப் போலாம் என்று நீதிபதி தீர்ப்பு சொன்னாள். கால் வலிக்குதோ என்னவோ என்று அத்தை சொன்னாள். திரும்பி வந்துவிட்டோம். மறுநாள் காலையில் அவனே எல்லோருக்கும் முன்னால் குடுகுடுவென்று ஓடுகிறான், சரி, இன்றைக்கு வழிக்கு வந்துவிட்டான் என்று நானும் நொண்டிக்கொண்டே பின்னால் ஓடினால், அதே சுவர், அதே பிடிவாதம். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. வாயைத் திறக்கப் போனேன், அத்தை என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். முப்பது வருஷம் தையல் மிஷினில் உட்கார்ந்த கண் அது, ஒரு நூல் விலகினாலும் தப்பாது. அவன் காலைப் பார்க்காதீங்க, கண்ணைப் பாருங்க என்றாள்.

உன் பழைய போனை, நீ தினமும் சாயங்காலம் கூப்பிடுகிறாயே அதை, அவன் கழுத்தில் மாட்டிக்கொண்டே திரிகிறான் என்று உனக்குச் சொன்னேனா தெரியவில்லை. மழைக்கோட்டை வெட்டிய துணியில் அத்தை ஒரு பை தைத்து, திரை தெரிவதற்குக் கண்ணாடித்தாளில் சின்ன ஜன்னலும் வைத்துக் கொடுத்திருக்கிறாள். விளையாட்டுச் சாமான் மாதிரி வைத்திருக்கிறான் என்றுதான் நாங்கள் நினைத்தோம். இப்போது பார்த்தால் அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டே முன்னால் ஓர் அடி வைக்கிறான், பின்னால் ஓர் அடி வைக்கிறான், மறுபடி முன்னால், மறுபடி பின்னால், உதடு இரண்டையும் இறுக்கி மூடிக்கொண்டு. குனிந்து பார்த்தேன். சுவருக்கு இந்தப் பக்கம் சிக்னல் கோடு ஒன்று நிற்கிறது, அந்தப் பக்கம் ஓர் அடி வைத்தால் ஒன்றுமில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது அம்மாடி. லைன் எங்கே சாகிறது என்று கண்டுபிடிக்க நான் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலையை, எனக்கு இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்துச் சொல்லித்தந்த வேலையை, நாலு வயசுப் பொடியன் ஒரு கல் சுவரோரம் தானாகச் செய்துகொண்டிருக்கிறான்.

நான் தரையில் உட்கார்ந்தேன், அதற்கு அரை யுகம் ஆயிற்று, என்னடா கண்ணு பார்க்கிறே என்று மெதுவாகக் கேட்டேன். அவன் என் காதில், காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னான். "பேசக் கூடாது தாத்தா. பேசினா கோடு போயிடும். கோடு போனா அம்மா போயிடுவா." மீதியை நீதிபதி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் இவன் உன்னிடம் தன் புது ஷூவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தானாம், மாப்பிள்ளை அவனை அப்படியே லிஃப்டுக்குள் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார், கதவு மூடியதும் உன் முகம் வாய் திறந்தபடியே உறைந்து, பிறகு காணாமல் போய்விட்டது. கோடு போயிடுச்சு, அதான் அம்மா போயிட்டா என்று அக்காள் விளக்கம் சொல்லியிருக்கிறாள். தான் பேசியதால்தான் கோடு அழிந்தது என்று இவன் முடிவு கட்டிவிட்டான். அன்றிலிருந்துதான் வாயைப் பொத்துவது. மறந்துவிட்டான் என்று நீயும் நானும் நினைத்த மூன்று மாதமும், அவன் உனக்குக் காவல் நின்றிருக்கிறான்.

ஆனால் இந்தச் சுவர் அவன் கணக்கைக் குழப்பிவிட்டது. நான் பேசவே இல்லையே தாத்தா, அப்புறம் ஏன் போச்சு என்று கேட்டான். அதைவிடப் பெரிய பரீட்சையை எனக்கு எந்த மேலதிகாரியும் வைத்ததில்லை. குன்றைக் காட்டி, அது நடுவில் நிற்கிறது, டிவிக்கு முன்னால் நான் நின்றால் படம் தெரியாதே அது மாதிரி, மேலே ஏறினால் கோடு திரும்ப வரும், அம்மா அழியவில்லை, மறைந்துதான் இருக்கிறாள் என்றேன். அவன் என்னை உற்றுப் பார்த்தான். "நிலாவுக்குக் கம்பம் நட்டேன்னு சொன்னியே, அது மாதிரியா?" என்று கேட்டான். இத்தனை வருஷமாக உன் மாமா அளந்துவிட்ட அத்தனை புளுகும் அந்தச் சுவரின் மேல் வரிசையாக வந்து உட்கார்ந்துகொண்டன. அது பொய்டா, இது நிஜம் என்றேன். உன் அத்தை அதை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அவன் பையின் ஜன்னலை உள்ளங்கையால் மூடிக்கொண்டு சுவரைத் தாண்டி நடந்தான். வரைபடத்தில் முக்கால் கிலோமீட்டர்தான், நான் நடந்த நடைகளிலேயே நீளமானது அதுதான், இதில் மிகை இல்லை. நீதிபதி அவன் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள், ஒரு தீர்ப்பும் சொல்லவில்லை. நானோ கம்பிக் காலத்து ஆள், மேலேயும் சிக்னல் இல்லை என்றால் இந்தப் பிள்ளையின் முகத்தில் எப்படி விழிப்பேன். உச்சிக்கு வந்தோம். காற்று ஆளைத் தூக்குகிறது, பருந்து ஒன்று எங்களுக்குக் கீழே பறக்கிறது, நாலு திக்கும் வயலும் நிழலும் வெயிலுமாக விரிந்து கிடக்கிறது, ஒருவரும் பார்க்கவில்லை. அவன் கையை எடுத்தான். ஒன்றுமில்லை. அழவில்லை அவன், என்னையும் பார்க்கவில்லை. அங்கிருந்த ஒரு பாறையை மெதுவாகச் சுற்றி வந்தான். ஒரு கோடு வந்தது. இன்னொன்று. மூன்றாவது வந்ததும் உன் படத்தை அவனே அழுத்தினான்.

மீதியை நீயே போனில் கேட்டாய். முதலில் காற்று, பிறகு அவன் மூச்சு, பிறகு அந்தக் கேள்வி. "நடுவுல எங்கம்மா இருந்த?" விட்டுட்டுப் போனதைக் குத்திக் காட்டுகிறான் என்று நீ நினைத்துக்கொண்டாய். இல்லவே இல்லை. அவன் கேட்டது அந்த முக்கால் கிலோமீட்டரை. நீ குரல் உடைந்து, இங்கதான்டா இருந்தேன், இங்கேயேதான் இருந்தேன் என்றாய், பக்கத்தில் நின்று நான் எழுதிக் கொடுத்திருந்தாலும் அதைவிடச் சரியான பதில் வந்திருக்காது. உடனே ஷூவைப் பற்றி ஆரம்பித்தானே, எந்த ஷூ என்று உனக்குப் புரியவில்லையே, அது லிஃப்டுக் கதவு மூடியபோது பாதியில் நின்ற பேச்சு. மூன்று மாதம் வாய்க்குள் வைத்திருந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். அந்த ஷூ இப்போது அவனுக்குச் சின்னதாகிவிட்டது, அது வேறு விஷயம்.

ஆகவே மழுப்பாத பதில் இதுதான், மறக்கவில்லை. அந்தப் பயத்துக்காக நீ வேலையை விட்டு வர வேண்டாம். எங்களைப் பார்க்க வேண்டும் போலிருந்தால் நாளைக்கே வா, கயிறோடு வந்து அழைத்துவருகிறேன். மீதி மாதங்களும் இருந்து முடிப்பதென்றால் முடித்துவிட்டு வா, முடிவு உன்னுடையது. நேற்றுச் சாயங்காலம் உன்னோடு பேசிக்கொண்டே லிஃப்டு வாசலுக்கு வந்தவன், அம்மா, இப்ப கொஞ்ச நேரம் கோடு இருக்காது, பயப்படாதே, மேல போய்க் கூப்பிடறேன் என்று சொன்னது உனக்குக் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. கதவு மூடியது, உன் முகம் உறைந்தது, அவன் பையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிமிர்ந்து மாடி எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஐந்து மாடி, ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை.

எடுத்த காரியம் கைகூடி, நோய் நொடி இல்லாமல், நூறு பாலம் கட்டி நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் அத்தையும் மனசார வாழ்த்துகிறோம். சின்னவன் பாதத்தைக் காகிதத்தில் வைத்து அத்தை கோடு வரைந்து இதோடு வைத்திருக்கிறாள், எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்று பார், புது ஷூவை நீதான் வாங்கித் தர வேண்டுமாம். இடுப்பு வாரை மறக்காதே.

நிலாவுக்குக் கம்பம் நடாத,
உன் மாமா