வேப்பிலைக்குப் பூசிய பச்சை

7.2.2006, செவ்வாய்

கல்யாண வீடியோக்களுக்கு நடுவே புது வேலை. அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலைக்கு ஒன்பது நிமிடப் படம். ஆலையைப் பெரிதாக்கப் போகிறார்களாம். ஊர்மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டத்தில் போட்டுக் காட்டுவதற்கு. படமெடுத்தது வேறு ஆட்கள். ஸ்டூடியோ முதலாளி ராசாங்கம் சார் டேப்பைக் கொடுத்து, "புகை தெரியாம பண்ணிக் குடும்மா பானு. பெரம்பலூர்ல உன்னை விட்டா இதுக்கு யாரு இருக்கா?" என்றார். எடுத்த காட்சியில் வேண்டாததை நீக்கி வேண்டியதைச் சேர்க்கும் கம்பாசிட்டிங் வேலையைச் சென்னையில் ஒரு வருடம் படித்துவிட்டு வந்தேன்; அதை இங்கே யாரும் கேட்டதேயில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

10.2.2006

கம்ப்யூட்டர் திரையில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சின்னக் கட்டம், நோடு என்பார்கள். வானத்தை ஒரு நோடில் தனியாகப் பிரித்து, நீலத்தை இன்னொரு நோடில் ஏற்றி, கோடு இழுத்து இரண்டையும் சேர்த்தேன். புகை போயிற்று. புகைபோக்கி மட்டும் சும்மா நிற்கிறது.

13.2.2006

இன்றைய ஷாட்டில் அமிர்தவல்லி பெரியம்மா. அம்மாவின் அக்கா. ஆலைக்குப் பின்னால்தான் அவள் வீடு. படமெடுக்கிறார்கள் என்று புதுப் புடவை கட்டியிருக்கிறாள். கொடியில் காய்ந்த துணியை எடுத்து உதறுகிறாள், மாவு மாதிரி தூசி பறக்கிறது. வாசல் வேப்பமரம் முழுக்கச் சாம்பல் நிறம்.

சார் திரையைத் தொட்டு, "இதையும்" என்றார்.

எங்க பெரியம்மா சார் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நூற்றுப்பத்து ஃபிரேம், ஒவ்வொன்றாகத் தூசியை அழித்தேன். இலைக்குப் பச்சை ஏற்றினேன். நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தேன் — அதை எழுதத்தான் கூசுகிறது.

2.3.2006, வியாழன்

கூட்டத்தில் படத்தைப் போட என்னையே அனுப்பினார் சார்.

படம் முடிந்ததும் பெரியம்மா எழுந்தாள். மைக்கைப் பிடிக்கத் தெரியவில்லை. "சோத்துச் சட்டிய மூடி வச்சாலும் தூசி படியுதுங்க. இருமி இருமி நெஞ்சு வலிக்குதுங்க."

ஆலை ஆள் மரியாதையாகத்தான் கேட்டார். "படத்துல துணி உதறுனது நீங்கதானேம்மா?"

"நான்தாங்க."

"வீடு உங்க வீடுதானே?"

"எங்க வூடுதாங்க. ஆனா…"

சிலர் சிரித்தார்கள். பெரியம்மா வெள்ளைத் திரையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

நான் பத்தடி தூரத்துலதான் இருந்தேன். எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? ஏன் வாயே வரல எனக்கு?

3.3.2006

அம்மா கேட்டாள், கூட்டம் எப்படி நடந்தது என்று. நல்லா நடந்துச்சு என்றேன்.

20.3.2006

பெரியம்மாவின் பக்கத்து வீட்டுக் கண்ணையன் அண்ணன் ஸ்டூடியோவுக்கு வந்தார். "எடுத்தது எடுத்தபடி இருக்குமில்ல பாப்பா, அதக் குடு. கலெக்டருக்குக் குடுக்குற மனுவோட வச்சிடுறோம்."

டேப்பை ஆலைக்காரர்கள் வாங்கிப் போய்விட்டார்கள். கம்ப்யூட்டரில் இருந்ததைப் போன வாரம் ஒரு காதுகுத்து வீடியோவுக்கு இடம் வேண்டுமென்று நானே அழித்துவிட்டேன். நானேதான்.

அவர் போன பிறகு, நான் வேலை செய்த ஃபைலைத் திறந்து பார்த்தேன். நோடுகளும் கோடுகளும் அப்படியே இருக்கின்றன, உள்ளே படம் இல்லை. அடையாளத்துக்கு நான் வைத்த பெயர்கள் மட்டும்: புகை எடுப்பு. வேப்பிலை பச்சை. பெரியம்மா தூசி.

22.3.2006

அந்த நோடுகளையும் பெயர்களையும் அப்படியே பிரிண்ட் எடுத்தேன். எந்த ஷாட்டில் எதை அழித்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கண்ணையன் அண்ணனிடம் கொடுத்தேன். சாரிடமும் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. "நாளையிலேருந்து வராதம்மா" என்றார்.

24.3.2006

பெரியம்மாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். வாசல் வேப்பமரத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "அன்னைக்கு எங் கண்ணுதான் கெட்டுப்போச்சோன்னு நெனச்சுட்டேன்டி. அது நீதானா?" என்றாள்.

காபி போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். குடி என்று சொல்லவில்லை.

9.1.2007, செவ்வாய்

மனு இன்னும் விசாரணையில்தான் இருக்கிறதாம். ஆலையில் இரண்டாவது புகைபோக்கிக்கு அஸ்திவாரம் போட்டாகிவிட்டது.

பெரியம்மாவுக்கு மூச்சிரைப்பு. அந்த இடத்தில் இருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஜெயங்கொண்டத்துக்கு, மகள் சிந்தாமணி அக்கா வீட்டுக்குப் போகிறாள். பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு — இப்போது கம்ப்யூட்டர் டீச்சர் நான் — பஸ் ஏற்றிவிடப் போனேன். பையை வாங்கக் கை நீட்டினேன். தரவில்லை. அவளே தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறினாள்.

கீழேயே நின்றேன். பஸ் நகரும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"வெயில்ல நிக்காத. போ" என்றாள்.

பத்து மாதம் கழித்து இன்றுதான் என்னிடம் பேசியிருக்கிறாள்.