மூன்று டிரான்சிஸ்டரும் ஓர் இரும்பு ஏணியும்

தாராவி, மும்பை
20 ஜூலை, ஞாயிறு

அன்பு மகள் மாரிசெல்விக்கு, அப்பா பிச்சையா எழுதுவது. இங்கே உன் அம்மாவின் வலது முழங்கை தவிர மற்ற எல்லாம் சுகம். முழங்கையும் ஆறி வருகிறது, பயப்படாதே. ஓசூரில் மழை உண்டா, ஹாஸ்டல் சாப்பாடு வாயில் வைக்கிற மாதிரி இருக்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

நான் அனுப்புகிற வாட்ஸாப் எல்லாம் எட்டு மாதமாக ஒற்றை டிக்கோடு நிற்கிறது. கேட்கிறவர்களிடம் நெட்வொர்க் சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதனால்தான் தபால். தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். உன் அறையில் இருக்கிற தர்மபுரிப் பிள்ளை கோகிலவாணியைப் படித்துக் காட்டச் சொல். கோகிலவாணி, என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளம்மா. எட்டாவதோடு நின்ற கை. அதற்குப் பிறகு தோல் பை பட்டறையில் சுத்தியல்தான் பிடித்தது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஏணியில் கரண்ட் வந்துவிட்டது.

கோகிலவாணிக்குப் புரிவதற்காகச் சொல்கிறேன். நாங்கள் மாடியில் இருக்கிறோம். கீழே மேலப்பாளையத்து ஷரீஃபுன்னிசாவின் தையல் பட்டறை, நாலு மோட்டார் மிஷின். எங்கள் சுவர் வெளியே தகரம், உள்ளே பிளைவுட். அந்தத் தகரத்தோடு போல்ட் போட்டு ஓர் இரும்பு ஏணி தொங்குகிறது. வீட்டுக்குள் வர வேறு வழி கிடையாது. இந்த ஏணியைப் பற்றி என் மகளுக்கும் எனக்கும் ஒரு பேச்சு பாக்கி இருக்கிறது. அது கடைசியில்.

மழை பிடித்த மூன்றாம் நாள் உன் அம்மா தண்ணீர்க் குடத்தோடு ஏறும்போது ஏணி பிடித்து இழுக்கிறது என்றாள். நரம்புத் தளர்ச்சியாக இருக்கும், கீரை தின்னு என்றேன். மறுநாள் மூன்றாவது படியிலிருந்து விழுந்தாள். முழங்கை அப்படித்தான் போயிற்று. வழுக்கியிருப்பாய் என்றேன். அதற்கு மறுநாள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நனைந்த காலோடு நான் ஏறினேன். தோள்வரைக்கும் ஒரு உதறல். என் வாயில் வந்த இந்தியைக் கேட்டு எதிர்வீட்டு மராட்டிக்காரர் ஜன்னலைச் சாத்திவிட்டார். எனக்கு அடித்த பிறகுதான் அது கரண்ட் என்று நிச்சயமாயிற்று.

அதோடு விட்டேனா? நேரே கீழே போய், உங்கள் மோட்டார் லீக் ஆகிறது, ஆளைக் கொல்லப் பார்க்கிறீர்களா என்று ஷரீஃபுன்னிசாவிடம் சத்தம் போட்டேன். அவர் மிஷினை எல்லாம் நிறுத்திவிட்டு, அண்ணே, இப்போ தொட்டுப் பாருங்க என்றார். தொட எனக்குத் துணிச்சல் இல்லை. வயர்மேன் வாசிம் ஊருக்குப் போயிருந்தான், வர ஒரு வாரம். ஸ்க்ரூடிரைவர் டெஸ்டர் வீட்டில் இருக்கிறது, ஆனால் அதை வைக்க ஏணிக்குக் கிட்டப் போய்த் தொட வேண்டுமே. அதற்குள் அம்மா ஏணிக்கு ரப்பர் ஷீட் சுற்றி, சின்னப் பிள்ளைகள் யாரும் தொடாமல் காவலுக்கு உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் உன் பெட்டி ஞாபகம் வந்தது. ஒன்பதாவதில் எக்ஸிபிஷனுக்குச் செய்தாயே, சோப்பு டப்பாவில், கம்பி மீசை வைத்து. சுவரைத் தொடாமலே உள்ளே கரண்ட் ஓடுவதைக் காட்டும் என்று அம்மாவிடம் பீற்றிக்கொண்டாய். அதைப் பழைய மிக்ஸியோடு பழைய சாமான் வாங்குகிற பங்கார்காரனிடம் போட்டது நான். நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. குப்பைக்காகவா பட்டினி என்று வேறு கேட்டேன்.

பெட்டி போனாலும் உன் நீல அட்டை நோட்டு டிரங்குப் பெட்டியில் இருந்தது. அதில் படம் இருந்தது. மூன்று டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர், ஒரு சிவப்பு எல்.ஈ.டி., ஒன்பது வோல்ட் பேட்டரி. எலெக்ட்ரானிக் சாமான் விற்கிற லாமிங்டன் ரோட்டில் நோட்டையே நீட்டினேன். கடைக்காரர் பொட்டலத்தைக் கட்டிவிட்டு, யாருக்கு, பேரனுக்கா என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். இன்னொரு முறை ஏற இறங்கப் பார்த்தார்.

ஒன்றின் காலை அடுத்ததன் நடுக்காலில் கட்டி, அதன் காலை மூன்றாவதன் நடுக்காலில் கட்டி, முதல் ஆளின் நடுக்காலுக்கு ஒரு கம்பி மீசை. காற்றில் வருகிற துளி கரண்டை ஒருவன் பெருக்கி அடுத்தவன் கையில் கொடுக்கிறானாம். நீ ஓரத்தில் இந்தியில் எழுதியிருந்ததை அம்மா வாசித்துச் சொன்னாள். ஈயம் வைத்ததில் இரண்டு விரல் பொத்துப்போனது. பேட்டரியை மாட்டினேன். ஒன்றும் எரியவில்லை. மிக்ஸி பக்கம், ஃபேன் பக்கம், டியூப்லைட் பக்கம், எங்கே கொண்டுபோனாலும் இருட்டுதான்.

ஒரு நாள் பூராவும் நோட்டைப் பார்த்த பிறகு பிடிபட்டது. பை தைக்கிறவன் தோலின் நல்ல முகத்தை உள்ளே வைத்துத்தான் அடிப்பான், கடைசியில்தான் பையைத் திருப்புவான். முப்பது வருஷப் பழக்கம். மூன்று டிரான்சிஸ்டரையும் தட்டை முகம் குப்புற வைத்து ஈயம் வைத்திருந்தேன். கழற்றித் திருப்பி வைத்தேன். எரிந்தது. ஃபேனுக்கு எரிந்தது, சுவிட்சுக்கு எரிந்தது, அம்மா நைலான் சேலையை உதறியபோது அதற்கும் மினுக்கென்றது. உன் உடம்பிலேயே கரண்ட் இருக்கிறது, அதனால்தான் ஏணி இழுத்திருக்கிறது என்றேன். அம்மா கையிலிருந்த கரண்டியைக் காட்டினாள்.

போன ஞாயிறு காலை சந்தே வேடிக்கை பார்க்க, பெட்டியை நீட்டிக்கொண்டு இறங்கினேன். ஏணி அருகே போனதும் பளிச்சென்று எரிந்தது. பாருங்கள் என்றேன் ஷரீஃபுன்னிசாவிடம். அவர் பேசாமல் தன் மெயினையே நிறுத்தினார். விளக்கு அணையவில்லை. உங்கள் வயரில் மிச்சம் ஓடுகிறது என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். அவர் பொறுமையாக, அண்ணே, ஒரு தடவை உங்க மெயினையும் அமத்திப் பாருங்களேன் என்றார்.

அது எனக்குத் தோன்றவே இல்லை. நாலு நாள் சண்டை போட்டேன், ஒரு முறைகூடத் தோன்றவில்லை.

அம்மா மேலே மெயினை நிறுத்தினாள். விளக்கு அணைந்தது. போட்டாள், எரிந்தது. சந்தில் யாரோ கை தட்டினார்கள். நான் மேலே போய் உள்பக்கச் சுவர் நெடுகப் பெட்டியை நகர்த்தினேன். மங்கலாக எரிந்துகொண்டே வந்து, உன் போட்டோ பக்கம் போனதும் முழுசாக எரிந்தது. நீ டிப்ளமா வாங்குகிற போட்டோ. ஃபிரேமைக் கழற்றினால் என் ஆணி. நான் அடித்த ஆணி. ஓர் இஞ்சு போதும், நான் நாலு இஞ்சு அடித்திருக்கிறேன். பிளைவுட்டைத் துளைத்து, பின்னால் போகிற வயரைத் துளைத்து, தகரத்தில் போய் நிற்கிறது. கோடையில் செருப்புக் காலோடு ஏறியதால் யாருக்கும் தெரியவில்லை. மழை வந்து கால் நனைந்ததும் காட்டிக்கொடுத்தது.

அந்தப் போட்டோவை மாட்டியது நீ ஓசூர் ரயில் ஏறிய அன்று சாயங்காலம். ஏன் மாட்டினீர்கள் என்று அம்மா கேட்டாள். சுவர் மொட்டையாக இருந்தது என்றேன்.

கீழே போய் மன்னிப்புக் கேட்டேன். ஷரீஃபுன்னிசா டீ போட்டுக் கொடுத்து, பெட்டி யார் செய்தது என்றார். என் மகள் என்றேன். அன்றைக்கு நீங்கள் சத்தம் போட்டு அனுப்பினீர்களே, அந்தப் பிள்ளையா என்றார். டீ ரொம்பச் சூடாக இருந்தது, மெதுவாகக் குடித்தேன். செவ்வாய்க்கிழமை வாசிம் வந்து வயர் மாற்றினான். நான் படம் பார்த்துக் கட்டியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஈயம் வைத்த இடம் மூக்குச்சளி மாதிரி இருக்கிறது, ஆனால் வேலை செய்கிறது என்றான். நீ ஓசூர் ஃபேக்டரியில் தினமும் சர்க்யூட் அட்டையில் ஈயம் வைக்கிறவள், பார்த்தால் இன்னும் மோசமாகச் சொல்வாய்.

வருகிற தீபாவளிக்கும் நீ வரமாட்டாய் என்று அம்மா போனில் கேட்டுச் சொன்னாள். காரணமும் சொன்னாள். கோகிலவாணி, நீ இவ்வளவு படித்ததற்கு ரொம்ப நன்றி, உனக்கு ஒரு நல்ல பை அனுப்பி வைக்கிறேன். இத்தோடு நிறுத்திக் கடிதத்தை அவள் கையில் கொடு. மீதியை அவளே எழுத்துக்கூட்டட்டும். பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

செல்வி. வயரும் பல்பும் வைத்து விளையாடுகிறவளுக்கு எவன் வேலை கொடுப்பான் என்றேன். போனால் இந்த ஏணியில் திரும்பக் கால் வைக்காதே என்றேன். ஊரே கேட்டது.

இன்று காலை பெட்டியை மேல்படி முதல் கீழ்படி வரை வைத்துப் பார்த்தேன். எங்கேயும் எரியவில்லை. பிறகு வெறுங்காலோடு, நனைந்த காலோடு, நானே ஏறி இறங்கினேன். இரண்டு முறை.

உன் போட்டோ ஃபிரிட்ஜ் மேல் சாய்ந்து நிற்கிறது. வயர் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாது. எங்கே ஆணி அடிக்கலாம் என்று நீ வந்து காட்டு. அதுவரை அடிக்க மாட்டேன்.

நல்லா இரு.

அப்பா
பிச்சையா