நெட்டையின் இடது பக்கம்

மார்ச் 4

அடியே குட்டை,

உன் காய்ச்சல் விட்டதா, வீட்டுக்காரர் சௌக்கியமா என்பதெல்லாம் கடைசியில் கேட்கிறேன். முதலில் விஷயத்தைக் கேள். நிதானம் சாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நம்மை வளர்த்து ஆளாக்கிய மனுஷனுக்கு ஒரு சுவர்க்கடிகாரம், அரை டம்ளர் டீ, அவ்வளவுதான் மரியாதை. இனிமேல் துறைமுக ஹாக்கி அணிக்குப் புதுக் கோச்.

வந்திருப்பவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. விசிலை வாயிலிருந்து எடுப்பதே இல்லை. அதனால் விசில் சார் என்று அன்றைக்கே பெயர் வைத்துவிட்டோம். எங்களைக் கன்டெய்னர் நிழலில் உட்காரவைத்து, தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். "இனிமே நம்ம டீம்ல யாரும் நிக்கக்கூடாது. பேக் ஆடுறவங்களும் பந்தோட சேர்ந்து நடுக்கோடு வரைக்கும் ஏறணும். பந்து பறிபோனா அங்கேயே மடக்கணும். ஓடி வந்து கோல் முன்னாடி கும்பலா நிக்கிறதெல்லாம் போன வருஷத்தோட சரி" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய்தான் உனக்குத் தெரியுமே. "அப்ப கோல் பக்கம் யாரு சார் இருப்பா?" என்று கேட்டுவிட்டேன். "அதான் கோலி இருக்காங்களே" என்றார். கோலியின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், பாவம்.

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்தச் சாக்பீஸ் நடுக்கோட்டுக்கும் கோலுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன் குட்டை. பின்னால் நின்று, வருகிறவளை வரவிட்டுப் பந்தைப் பறிப்பதுதான் பேக் ஆடும் நம் இருவருக்கும் தெரிந்த ஆட்டம். என் இடது தோளைத் தாண்டிப் போகிற பந்து எனக்கு ஆகாது என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அந்தப் பக்கம் திரும்ப எனக்கு ஒரு அடி கூடுதலாக வேண்டும். நான் வலப்பக்கமாகப் பின்னால் ஒதுங்கினால் போதும், அந்த இடத்தில் நீ வந்து நிற்பாய். ஒன்பது வருஷம் அப்படியே ஓட்டினோம். நீ போன பிறகு உன் இடத்தில் ஆடும் காலேஜ் நல்ல பெண்தான். காலேஜ் டீமிலிருந்து நேராக வந்தவள், அதனால் அந்தப் பெயர். நிதானம் சார் எல்லாரையும் பின்னால் நிறுத்தியதால் இந்த இரண்டு வருஷமும் எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன். இனி நடுக்கோட்டில் நின்றால் எனக்குப் பின்னால் வெறும் மைதானம்தான்.

எனக்கு முப்பத்து நாலு ஆகிறது. அணியில் இருக்கிறவரைதான் கேட் பாஸ் பிரிவில் காலை வேலை, மத்தியானம் மைதானம். அணியை விட்டுப் போனவர்களை ஊருக்கு வெளியே கிடங்குக்குத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மூட்டை எண்ணிக்கொண்டு உட்கார்ந்தால் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிடும். நீ சொல், உண்மையாகச் சொல். இந்த வேகத்துக்கு நான் ஒத்துவருவேனா?

நேற்று, நேஷனல் கேம்பில் எனக்குக் கொடுத்த பிளேசர் கோட்டைத் தூசி தட்டினேன். கேம்புக்கு ஆள் எடுத்த அன்றைக்குத் தேர்வாளர் உன்னைக் காட்டி, "இந்தப் பொண்ணு இடத்துலயே நிக்க மாட்டேங்குதே, கோழிக்குஞ்சு மாதிரி ஓடுது" என்று சொன்னாரே, நினைத்து நினைத்துச் சிரித்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

உன் ஸ்டிக் இன்னும் ஸ்டோர் ரூமில்தான் இருக்கிறது, நீ சுற்றிய பச்சை டேப்போடு. யாரையும் தொடவிடவில்லை. போன் பண்ணாதே, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்துவோம். எழுது.

என்றும் உன் வலப்பக்கம் நிற்கும்,
நெட்டை

மார்ச் 13

அன்புள்ள நெட்டைக்கு,

காய்ச்சல் போய்விட்டது, இருமல் மட்டும் வாடகை கொடுக்காமல் தங்கியிருக்கிறது. அவருக்கு மறுபடியும் இரவு ஷிப்ட். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பி.டி. டீச்சர் வேலையோடு சேர்த்து, காலையில் வாசலில் நின்று நகம் பார்க்கும் வேலையும் கொடுத்துவிட்டார்கள். என் ஹாக்கிக்கு வந்த வாழ்வைப் பார்.

விசில் சாரை எனக்குத் தெரியும். போன வருஷம் இங்கே கோச்சுகளுக்கு ஒரு வகுப்பு நடந்தது, அதில் என் பக்கத்து நாற்காலி. வாய் ஓயாது, ஆனால் விஷயம் உள்ள ஆள். அவர் சொல்லும் ஆட்டம் ஒன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை. இப்போது எல்லாரும் அப்படித்தான் ஆடுகிறார்கள். நம் அணிதான் காலை நீட்டிப் படுத்திருந்தது.

ஒத்துவருவாயா என்று கேட்டால் நான் என்ன சொல்வது? இடப்பக்கம் திரும்பப் பழகு. சுவரில் பந்தை அடித்து, இடது தோள் பக்கம் திரும்பி வாங்கு. தினமும் செய். ஒன்பது வருஷமாகச் செய்யாததை இப்போதாவது செய். உடம்பைக் கவனித்துக்கொள், அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.

தேர்வாளர் சொன்னதை நினைத்துச் சிரித்தாயாக்கும். சிரி. எனக்கு அன்றைக்கும் அது சிரிப்பாகத் தெரியவில்லை.

இருமிக்கொண்டே எழுதும்,
குட்டை

ஏப்ரல் 2

குட்டை,

ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் பதில் சொல்.

விசில் சார் முதல் பயிற்சி ஆட்டம் வைத்தார். நம் ஆட்களையே இரண்டாகப் பிரித்து எனக்கு எதிரே முன்கள ஆட்டக்காரிகளை விட்டார். ஓட்டக்காரி என்று ஒருத்தி இருக்கிறாள், கால் தரையில் படாது. அவள் முதல் பந்தை என் இடது தோள் பக்கம் கொண்டுபோனாள். சரி, தற்செயல் என்று நினைத்தேன். அடுத்தவளும் அதே பக்கம். அதற்கடுத்தவளும். ஒருத்திகூட வலப்பக்கம் வரவில்லை குட்டை. நான் சுற்றிச் சுற்றித் திரும்பி, கடைசியில் என் கால் என்னையே தட்டிவிட்டு, காலேஜ் முன்னால் குப்புற விழுந்தேன். அந்தப் பெண் கை கொடுத்தாள். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை, பரிதாபப்பட்டாள்.

முடிந்ததும் நேராக அவரிடம் போனேன். "சார், என் ஆட்டத்தை நீங்க ஒரு மேட்ச்கூடப் பார்த்ததில்ல. என் இடது பக்கம் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அவருக்கு ஒளிக்கவே தெரியவில்லை. "உங்க பக்கத்துலயே நின்னு ஆடினவங்க சொன்னாங்கம்மா" என்றார்.

காலேஜுக்கு இது தெரியாது. அவளுக்கு முன்னால் என் பக்கத்தில் நின்று ஆடியது நீ ஒருத்திதான்.

என் இடத்தில் ஓட்டக்காரியைப் போட்டாயிற்று. முன்கள ஆட்டக்காரியைப் பேக் ஆடவிடுகிறார், வேகம் போதுமாம். நான் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலுக்குக் காவல் இருக்கிறேன். சீசன் முடிந்ததும் கிடங்கு என்று ஆபீசில் எல்லாரும் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

கோலி கண்டுபிடித்திருந்தால்கூடச் சொல்லியிருக்க மாட்டாள். எனக்கு ஆகாதவர்கள் எத்தனை பேர், ஒருவருக்கும் இது தெரியாது. உன்னிடம் மட்டும்தான் என்னை முழுசாகக் காட்டினேன். என் குடலை உருவி அவர் கையில் கொடுத்துவிட்டு, எனக்குச் சுவரில் பந்தடிக்கச் சொல்லிக் கடிதம் எழுதினாயே, எப்படி மனசு வந்தது?

நெட்டை

ஏப்ரல் 11

நெட்டை,

ஆமாம், நான்தான் சொன்னேன். உன் முதல் கடிதம் வந்த மறுநாள் போன் பண்ணினார். உனக்குப் பதில் எழுதுவதற்கு முன்பே அவருக்குச் சொல்லிவிட்டேன். இதையும் தெரிந்துகொள்.

"உங்க பழைய ரெண்டு பேக்குல இப்ப மிச்சம் இருக்கறவங்க இந்த ஆட்டத்துக்குத் தாங்குவாங்களா?" என்று கேட்டார். தாங்கமாட்டாள் என்றேன். "ஏன்?" என்றார். சொன்னேன். உன்னைப் போல ஆட்டத்தை முன்கூட்டிப் படிக்கிறவள் யாரும் இல்லை, பின்னால் நிறுத்தினால் மலை மாதிரி நிற்பாள் என்றும் சொன்னேன். அதை அவர் காதில் வாங்கவில்லை. அவருக்குப் பின்னால் நிற்கிறவள் வேண்டாமாம். நான் என்ன செய்ய? பொய் சொல்லி உன்னை அனுப்பியிருந்தால் முதல் மேட்சில் ஊரே பார்த்திருக்கும்.

அதோடு நிறுத்திக்கொண்டு, உன் நல்லதுக்குத்தான் சொன்னேன் என்று எழுதலாம். உட்கார்ந்து அப்படித்தான் எழுதினேன், பிறகு கிழித்துப் போட்டேன்.

அந்தத் தேர்வாளர் சொன்னதை நீ எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாய்! என் கல்யாணத்தில்கூட மைக்கைப் பிடித்துச் சொன்னாய். இடத்துலயே நிக்காத பொண்ணு. நான் ஏன் இடத்தில் நிற்கவில்லை என்று ஒரு தடவையாவது யோசித்தாயா? என் இடம் இடது ஓரம். உன் இடத்தில் நிற்க ஓடி வந்துவிட்டு, என் ஓரத்தைக் காப்பாற்றத் திரும்ப ஓடினேன். பார்க்கிறவர்களுக்கு நான் தறிகெட்டு ஓடுகிறவள், நீ அசையாத தூண். கோட்டு உனக்கு வந்தது. உன்னைக் கேம்புக்குப் பஸ் ஏற்றிவிட வந்தேனே ஞாபகம் இருக்கிறதா? உன் பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். "அடுத்த வருஷம் இடத்துல நின்னு ஆடுடி, நீயும் வந்துடலாம்" என்று ஜன்னல் வழியாகச் சொன்னாய். விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். இல்லை, உனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

அடுத்த வருஷமும் நான் உன் பக்கம்தான் ஓடினேன். நான் ஒரு மடச்சி.

அவரிடம் சொன்னபோது எனக்கு வருத்தமாக இல்லை நெட்டை. போனை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். மனசு இப்படித்தான் வந்தது.

குட்டை

ஜூன் 20

நெட்டை,

செமி ஃபைனல் டிவியில் காட்டினார்கள். அவரும் ஷிப்ட் மாற்றிக்கொண்டு பார்த்தார். அந்தக் கோல் விழுந்ததும் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

அந்த இடத்தில் நீ ஏன் அப்படி ஒதுங்கினாய் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு யாருக்கும் தெரியாது. திட்டியாவது எழுது. உன்னிடமிருந்து கடிதம் வராமல் இந்த வீட்டில் எனக்கு எதுவும் ஓடமாட்டேன் என்கிறது.

குட்டை

ஜூலை 1

குட்டைக்கு,

பதில் போடக்கூடாது என்றுதான் இருந்தேன். உனக்குத் தெரியும் என்று எழுதிவிட்டாயே, அது என்னைத் தூங்கவிடவில்லை.

விசில் சார் ஆட்டம் சரிதான். அதை ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. துறைமுக அணி செமி ஃபைனல் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று! காலேஜும் ஓட்டக்காரியும் ஏறி ஏறி ஆடினார்கள். பெஞ்சிலிருந்து பார்க்கும்போது எனக்கே கை தட்டத் தோன்றியது. ஆட்டம் சமமாக இருந்தது, முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். ஓட்டக்காரிக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. அவர் பெஞ்சைப் பார்த்தார், வேறு பேக் கிடையாது. "போங்கம்மா, நின்னா போதும்" என்றார். நின்னா போதும் என்று அந்த மனுஷன் வாயால் கேட்டேன். சிரிப்பு வந்தது.

காலேஜ், விசில் சார் சொல்லிக்கொடுத்தபடி நடுக்கோடு வரை ஏறியிருந்தாள். பந்து பறிபோனது. அவர்களுடைய ஃபார்வர்ட் தனியாக வந்தாள், என் இடது தோளைப் பார்த்து. மூன்று மாதம் சுவரில் பந்தடித்தேன் குட்டை, நீ சொன்னபடி. உன்னைத் திட்டிக்கொண்டே அடித்தேன். இடப்பக்கம் திரும்ப வந்துவிட்டது. அன்றைக்குக் காலையில்கூடத் திரும்பினேன். அந்தக் கூடுதல் அடி இனி எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஆனால் நான் திரும்பவில்லை. வலப்பக்கமாகப் பின்னால் ஒதுங்கி, வழி விட்டேன். அவளே ஒரு நொடி திகைத்துப் போனாள். அப்புறம் நடந்து போகிற மாதிரிப் போய் கோல் போட்டாள்.

பயந்து ஒதுங்கிவிட்டேன் என்கிறார்கள். வயசாகிவிட்டது என்கிறார்கள். விசில் சார் தோளைத் தட்டிவிட்டுப் போனார், அதுவும் இடது தோள். கோலி மட்டும் டிரெஸ்ஸிங் ரூமில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டாள், "யாருக்குடி வழி விட்டே?" என்று.

உனக்குத்தான் விட்டேன். உன் முகத்தில் முழிக்கக்கூடாது என்றிருந்தவள், நீ வருவாய் என்று ஒதுங்கினேன். யோசித்தெல்லாம் செய்யவில்லை. திரும்பிப் பார்க்கும்போது அங்கே யாரும் இல்லை.

நீ அந்தப் பிளேசர் கோட்டைப் பற்றி எழுதியதெல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். ஓடி வா என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. நீயாக ஓடி வந்தாய், சிரித்துக்கொண்டே வந்தாய். எரிகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே நான் திரும்பப் பழகியிருப்பேன். எனக்கு மூன்று மாதம்தான் ஆயிற்று. ஒன்பது வருஷம் நீ அதைச் சொல்லாமல் வைத்திருந்து, யாரோ ஒருவர் போனில் கேட்டதும் சொன்னாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை கிடங்குக்குப் போகிறேன். அம்மாவும் கூட வருகிறாள். அந்த விலாசம் உனக்கு வேண்டாம்.

நேற்று ஸ்டோர் ரூமைக் காலி செய்தோம். உன் ஸ்டிக்கைக் காலேஜிடம் கொடுத்தேன். "அக்கா, இந்த டேப் பழசாயிடுச்சு, உரிச்சிடட்டுமா?" என்று கேட்டாள். அவளுக்கு நகம் இல்லை, நானே உரித்துக் கொடுத்தேன்.

நெட்டை