ஓடுவது எந்த வெர்ஷன்

நவம்பர் 17, திங்கள்

மேனேஜர் பொய் சொல்கிறான். எதில் என்று இன்னும் பிடிபடவில்லை.

காலையிலிருந்து மூடுபனி. லாட்ஜ் ரிசப்ஷன் கண்ணாடிக்கு வெளியே நிற்கும் கார்கூடத் தெரியவில்லை. மூன்று செக்-அவுட். ஒன்பதாம் ரூமில் கீசர் புகார்.

ரூம் சுத்தம் செய்யும் வேலுத்தாய் அக்கா பூம்பாறையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். வருகைப்பதிவு மெஷினில் விரல் வைத்தார். சிவப்பு விளக்கு. சேலையில் துடைத்து வைத்தார். சிவப்பு. ஆசிட் தின்ற விரல், ரேகை எங்கே இருக்கும். நாள் முழுக்கக் கக்கூஸ் கழுவினார். சாயங்காலம் என் கம்ப்யூட்டரில் அவர் பேருக்கு நேரே: ஆப்சென்ட். மெஷின் சொன்னால் சொன்னதுதான், மாற்ற வழியில்லை என்கிறான் மேனேஜர்.

"என் ரேகை பூரா உங்க கக்கூசுலதான் தம்பி ஒட்டிக்கெடக்கு. மெசினத் தூக்கிட்டு அங்க போய்ப் பாக்கச் சொல்லுங்க."

அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

சாரல். மறுபடி சிவப்பு. மேனேஜரிடம் போனேன். ரேகை விழாதவர்களுக்கு விரலுக்குப் பதில் நம்பர் போட்டு வருகை ஏற்றலாமே என்றேன்.

"அதெல்லாம் புது வெர்ஷன்ல தம்பி. நம்மளது பழசு. நாலு. இன்னும் ஒரு ஆப்சென்ட் விழுந்தா சிஸ்டமே பேரத் தூக்கிரும். நான் என்ன செய்ய?"

சீசன் முடிந்தது, ஆளைக் குறை என்று முதலாளி சொன்னது சமையல்கட்டு வரை தெரியும். "போ" என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல மேனேஜருக்குத் துப்பில்லை. மெஷினை முன்னே நிறுத்திவிட்டுப் பின்னால் ஒளிந்துகொள்கிறான்.

நவம்பர் 19, புதன்

அக்காவுக்கு வார லீவு. அவன் பொய்யைப் பிடிக்க எனக்கு இந்த ஒரு நாள்தான்.

வருகைப்பதிவு சாஃப்ட்வேர் ஃபோல்டரின் பேரில் 4 என்று இருக்கிறது. "அபவுட்" அழுத்தினால் அனுமதி இல்லை என்கிறது. மெஷின் கம்பெனி ஹெல்ப்லைனில் அரை மணி நேரம் பாட்டு. பிறகு ஒரு பெண்.

"ஃபோல்டர் பேர வச்சு சொல்லாதீங்க சார். முதல்ல போட்டப்ப வச்ச பேரா இருக்கும். இப்ப ஓடிக்கிட்டு இருக்கிறது எதுன்னு பாருங்க."

டாஸ்க் மேனேஜர். ஓடும் புரோகிராம்மேல் ரைட் கிளிக். பிராப்பர்ட்டீஸ். டீடெயில்ஸ்.

7.2.

"ஏழா? நம்பர் போடுற வசதி அஞ்சுலயே வந்துருச்சே சார். அட்மின் லாகின்ல ஒரு டிக் போட்டா வேலை முடிஞ்சது."

ஒரு டிக். தூ.

ஸ்கிரீனை போட்டோ எடுத்துக்கொண்டேன். சாப்பிடப் போனபோது ரசம் ஆறிக் கிடந்தது.

நவம்பர் 20, வியாழன்

வெயில், அதிசயமாக. அக்கா விரல் வைத்தார். சிவப்பு. மேனேஜர் என் கம்ப்யூட்டரில் அவன் அட்மின் லாகினில்தான் உட்கார்ந்திருந்தான். போனை நீட்டினேன். ஓடுறது ஏழு சார், நாலு இல்ல. டிக் போடுங்க.

பார்த்தான். "ரிசப்ஷன் சோலிய மட்டும் பாரு தம்பி." அக்காவிடம் திரும்பி, "சிஸ்டத்துல நீங்க வரலன்னு காட்டுதும்மா. நாளையிலருந்து வர வேண்டாம்."

அக்கா நகரவில்லை. கையில் பக்கெட்.

"சிஸ்டம் கெடக்கட்டும். நான் இங்கன நிக்கிறேனா இல்லையா? அதச் சொல்லுங்க சார்."

அவன் டிக் போடாமலே லாக் அவுட் பண்ணினான்.