தட்டை நட்டும் புது ரிம்மும்

12 ஆகஸ்ட் 1989, சனி இரவு

நான் ஓய்வு பெற்ற அன்று ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், இனிமே யாரைப் பிடிச்சு ஏன், எதுக்குன்னு கேப்பீங்க?" இன்று அகப்பட்டவர் என் கணவர்.

நாளை கிள்ளான் மருத்துவமனையிலிருந்து மகளையும் புதிதாகப் பிறந்த பேத்தியையும் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். அதற்காகவே காருக்கு ஸ்போர்ட்ஸ் ரிம் வாங்கி வந்து, பழைய நட்டுகளையே போட்டு முறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு நட்டை எடுத்துத் தடவிப் பார்த்தேன். அடி தட்டையாக இருந்தது. புது ரிம்மின் துளையோ உள்ளே புனல் போலச் சரிந்திருந்தது.

"அதான் நட்டு ஏறுதே, அப்புறம் என்ன லா?"

"பாட்டில் வாயில காசை வெச்சாலும் மூடின மாதிரிதான் இருக்கும். சாய்ச்சா தெரியும். கார்க் மாதிரி உள்ள போய் உக்காரணும்."

"பென்ஷன் வாங்கியும் பாடம் நிக்கல!"

முணுமுணுத்தாலும், பழைய நட்டு ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு என்னோடு பிரிக்பீல்ட்ஸ் உதிரிபாகக் கடைக்கு வந்தார். அதே மரை, அடி மட்டும் கூம்பாக உள்ள நட்டுகளை வாங்கினோம். ரிம்மின் துளை குறுகலாக இருந்ததால், நட்டை முறுக்க மெல்லிய சாக்கெட் ஒன்றும் வாங்கினோம்.

"அங்கிள், ஆன்டி மெக்கானிக்கா?" என்றார் கடைக்காரர்.

"அதைவிட மோசம், பாஸ். டீச்சர்."

மாலையில் சக்கரம் ஆடாமல் உட்கார்ந்தது. "இப்ப பேத்தி ஏறலாம்," என்றார், தானே கண்டுபிடித்தது போல. இருக்கட்டும்.

தூக்கம் வருகிறது. காலையில் மறக்காதே: கொஞ்ச தூரம் ஓடியதும் காரை நிறுத்தி, ஒவ்வொரு நட்டையும் மறுபடி முறுக்கிப் பார்.