சிவபாதத்துக்குப் பிடித்த வைன்

மகள் அட்சயாவின் கலியாண வரவேற்புக்கு மலிவாகவும் நல்லதாகவும் ஒரு வைன் தேடி, இரண்டு கிழமையாகச் சிவபாதம் மல்வேர்ன் பகுதியில் உள்ள தன் வீட்டில் போத்தல் போத்தலாக ருசி பார்த்துக்கொண்டிருந்தார். வேலைக்குப் போகுமுன் மனைவி புனிதவதி ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டினாள்.

"இஞ்சாருங்கோ, மீன்குழம்பு மேல்தட்டில இருக்கு. பின்னேரம் சம்பந்தி வருவார். தேத்தண்ணி குடுங்கோ, வைன் பாடம் எடுக்காதேங்கோ.

நேற்று ஒரு போத்தலைக் குடிச்சிட்டு, 'இதுதான் வைன், உமக்கெங்க ருசி தெரியும்' எண்டு கண்ணை மூடிப் புகழ்ந்தியள். எங்க வாங்கினதெண்டும் கேட்டியள். அது ஒரு கடையிலயும் இல்லை. நீங்கள் சரியில்லையெண்டு தள்ளிவைச்ச மிச்சம் முழுக்க நான் ஒண்டாய் ஊத்தி வைச்சது. ஃபிரிட்ஜில இடம் வேணுமெல்லே! இண்டைக்கே ஆக மலிவானதை வாங்குங்கோ.

போகேக்க கதவைப் பூட்டுங்கோ.

எனக்கு இன்னும் கோபம்தான்."

அவள் வேலை முடிந்து வந்தபோது குழம்புச் சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. சீட்டின் அடியில் அவர் எழுதியிருந்தார்:

"வைன் வாங்கியாச்சு. உம்மட போத்தலில மிச்சம் ஏதும் கிடக்கே?"