கோர்வையும் நவாபும் ஒரே அறையில்

ஆபா,

இன்று காலை பெருக்குவதற்காகக் கட்டிலை இழுத்தபோது, சுவரோரம் ஒரு பச்சைத் துணி சுருண்டு கிடந்தது. ரவிக்கைக்கு நீங்கள் வைக்கும் லைனிங்கில் மிஞ்சிய துண்டு. எடுத்து முகர்ந்தேன். உங்கள் தையல் மெஷின் எண்ணெய் வாசனை இன்னும் போகவில்லை. அதற்கு மேல் பூனை வாசனை. துடைப்பத்தைச் சாத்திவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்து வீட்டிலிருந்து அன்று நீங்கள் வந்தபோது ஒரு கையில் இந்தத் துணி. இன்னொரு கையில் மூடி போட்ட கூடை. அதற்குள் உங்கள் கறுப்புப் பூனை நவாப்.

"பெங்களூருக்கு மவன் ஊட்டுக்குப் போறேன்மா. அவன் ஃப்ளாட்டுல பூனை வெக்கக் கூடாதாம். நீ வெச்சுக்க."

எனக்கு அப்போதே சந்தேகம். மருமகளோடு சண்டை போட்டுவிட்டு, இனி அந்த வாசலை மிதிக்கவே மாட்டேன் என்று போன ரம்ஜானுக்குச் சொன்னவர் நீங்கள்.

என்னைவிட அதிகம் சந்தேகப்பட்டவள் என் பூனை கோர்வை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறமாகக் கோர்த்து நெய்த சேலை மாதிரி பாதி வெள்ளை, பாதி மஞ்சள் என்று அவளுக்கு அந்தப் பெயரை வைத்ததே நீங்கள்தான். கூடையைப் பார்த்ததும் முதுகைத் தூக்கிக்கொண்டு சீறினாள். நான் மூடியைத் திறக்கப் போனேன். என் கையில் ஒரு தட்டு தட்டினீர்கள்.

"எடுத்த எடுப்புல மூஞ்சியக் காட்டுனா காலத்துக்கும் பகைதான். மொதல்ல வாசனை பழகணும்."

நவாபைப் பின்னறையில் விட்டுக் கதவைச் சாத்தினோம். அவன் கன்னத்தில் தேய்த்த துணியைக் கோர்வையின் தட்டுக்கு அடியில் வைத்தீர்கள். அவள் மேல் தேய்த்த துணி அவன் தட்டுக்கு அடியில் போனது. கதவுக்கு அந்தப் பக்கம் அவன் தட்டு, இந்தப் பக்கம் இவள் தட்டு. கோர்வை ஒரு வாய் தின்பாள், கதவிடுக்கை முறைப்பாள், பிறகு இன்னொரு வாய். "சந்தேகப்படட்டும் வுடு. தெரிஞ்சிக்கத்தான் சந்தேகப்படுது," என்றீர்கள்.

நானும் தெரிந்துகொள்ளத்தான் பார்த்தேன். உங்கள் பிரஷர் மாத்திரையை எப்போதும் நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில்தான் வாங்குவீர்கள். திடீரென்று வருவதை நிறுத்திவிட்டீர்கள். கேட்டால், மகன் ஆன்லைனில் வாங்கி அனுப்புகிறான் என்றீர்கள். ஊருக்குப் போகிறவர் வீட்டில் ஒரு பெட்டிகூடக் கட்டியிருக்கவில்லை. கையை உயர்த்தினால் வளையல் முழங்கைவரை இறங்கியது.

"என்னமோ மறைக்கிறீங்க ஆபா. சொல்லுங்க."

"உன் பூனை கணக்கா நீயும் என்ன மோந்துக்கினே இருக்கியே!" என்று சிரித்தீர்கள். சிரிப்பின் நடுவிலேயே மூச்சு வாங்கியது.

கதவை ஒரு விரல் அளவு திறந்தோம். பிறகு முழுதாகத் திறந்து, குறுக்கே பழைய கொசுவலையைக் கட்டினோம். வலைக்கு இருபுறமும் ஒருவரையொருவர் பார்த்தபடியே தின்னத் தொடங்கியதும், நீங்கள் உள்ளே வருவதை நிறுத்திக்கொண்டீர்கள். கேட்டுக்கு வெளியே நின்றபடி விசாரிப்பீர்கள்.

"உள்ள வாங்களேன் ஆபா."

"நான் வந்தா எங்கூடவே கிளம்பிடுவான்மா. நான் இல்லாம தின்னக் கத்துக்கணும்."

வலையை அவிழ்த்த அன்று நவாப் மெதுவாக வெளியே வந்தான். கோர்வை அவன் மூஞ்சியில் ஓர் அறை விட்டாள். அவன் திருப்பி அடிக்கவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவனைச் சுற்றிச் சுற்றி முகர்ந்தவள் தன் தட்டுக்குத் திரும்பினாள். அவனும் தன் தட்டுக்குப் போனான். உங்களிடம் சொல்ல ஓடி வந்தேன். வீடு பூட்டிக் கிடந்தது.

உங்கள் மகனுக்குப் போன் போட்டேன். "சென்னை ஆஸ்பத்திரில இருக்கோம் ஆன்ட்டி. எங்க அம்மிக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. ரொம்ப நாளாவே முடியல. உங்ககிட்ட சொல்லலையா?"

மருந்துச் சீட்டைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவேன் என்றுதான் என் கடைப்பக்கம் வரவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. போனை உங்களிடம் கொடுத்தான்.

"நவாப் தின்னானா?"

"கோர்வைகூட சேர்ந்து தின்னான் ஆபா."

"என்னைத் தேத்தறதுக்குப் பொய் சொல்லாத."

போனைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு ஓடினேன். தட்டுகள் இன்னும் காலியாகவில்லை. வீடியோவில் காட்டினேன். நெடுநேரம் பார்த்தீர்கள். "சத்தம் போடாத. தின்னட்டும்," என்றீர்கள். மறுநாள் நான் சென்னைக்கு பஸ் ஏறுவதற்குள் நீங்கள் போய்விட்ட தகவல் வந்துவிட்டது.

இரண்டும் இப்போதும் கொஞ்சிக்கொள்வதில்லை. கட்டிலின் இரண்டு மூலைகளில் படுத்து, ஒன்றின் மேல் ஒன்று ஒரு கண் வைத்தபடி தூங்குகின்றன. இது போதும் என்பீர்கள்.

எனக்குத்தான் ஒரு சந்தேகம் தீரவில்லை. எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வராமல் வெளியிலேயே நின்று, நாளுக்கு நாள் பேச்சையும் குறைத்துக்கொண்டே போனீர்களே, அது நவாபுக்காக மட்டும்தானா? என்னையும் சேர்த்துப் பழக்கினீர்களா?

அவன் பழகிவிட்டான், ஆபா. என்னால் முடியவில்லை.